பாலக்காட்டுப் பக்கம் ஒரு நாள்: நாள் பார்ப்பதிலிருந்து வீடு திரும்புவது வரை

கோவையிலும் பொள்ளாச்சியிலும் இருக்கும் என் சொந்தக்காரர்கள் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ப் பக்கம் வர்றோம், எங்கே போகலாம்?" நான் பதிலுக்கு, "எந்த ஞாயிறு? எந்த மாசம்?" என்று கேட்பேன். கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுதான் முதல் கேள்வி. சித்தூர், கொல்லங்கோடு, நெம்மாறை, கல்பாத்தி எல்லாம் மாசி வெயிலில் ஒரு முகம், ஆனி மழையில் வேறு முகம். வேல என்கிற பகவதி கோயில் திருவிழா நடக்கும் நாளில் ஜனக்கடலாக இருக்கும் வயல், அடுத்த வாரம் போனால் வெறும் கட்டாந்தரை. அதனால் முதலில் நாளைப் பார்த்துவிடுங்கள். இடம் தானாக அமையும்.

நாள் பார்க்கும் முறை

நம் தமிழ் மாதத்துக்கும் மலையாள மாதத்துக்கும் பெயர்தான் வேறு, நடை ஒன்று. இரண்டும் சூரியன் ராசி மாறுவதை வைத்து வருபவை. நாம் நட்சத்திரத்தின் பெயரால் மாதத்தைச் சொல்கிறோம், அவர்கள் ராசியின் பெயராலேயே சொல்கிறார்கள். சித்திரை அவர்களுக்கு மேடம், ஆவணி சிங்கம், ஐப்பசி துலாம், கார்த்திகை விருச்சிகம், மார்கழி தனு, தை மகரம், மாசி கும்பம், பங்குனி மீனம். கொல்லம் ஆண்டு எனும் மலையாள வருடம் பிறப்பதும் சிங்க மாதத்தில்தான், அதாவது நம் ஆவணியில்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சில மாதங்களில் ஒன்றாம் தேதி இரண்டு பக்கமும் ஒரு நாள் முன்பின்னாக வரும். சூரியன் அஸ்தமனத்துக்கு முன் ராசி மாறிவிட்டால் அன்றே மாதப் பிறப்பு என்பது நம் கணக்கு. கேரளத்தில் நடுப்பகல் தாண்டிக் கொஞ்ச நேரம் வரைதான் அன்றைய கணக்கு, அதற்குப் பிறகு மாறினால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. இதைத் தெரிந்துகொள்ளாமல் நம் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக் கிளம்பி, ஒரு நாள் முன்னதாகவே போய் நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். மலையாள தேதி போட்ட காலண்டர் ஒன்று வாங்கி வீட்டில் மாட்டிவிடுங்கள். எல்லையோரக் கடைகளில் இரண்டு தேதியும் போட்டதே கிடைக்கும்.

திருவிழாக் காலம் ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேரோடு சூடு பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் கணவாய்க் காற்று வீசும். மலைத்தொடரில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி இது. கிழக்கிலிருந்து வரும் காற்று இதற்குள் புகுந்து பனைமரங்களை ஆட்டிக்கொண்டே இருக்கும். தைக்குப் பிறகு அறுவடை முடிந்த வயல்களில் வேல, பூரம் என்கிற கோயில் விழாக்கள் தொடங்கிச் சித்திரை, வைகாசி வரை ஓடும். மழை தொடங்கினால் திருவிழா ஓய்ந்துவிடும். அது சிற்றூர்களையும் அருவிகளையும் வயல்களையும் பார்க்கிற காலம். ஆவணியில் ஓணம். ஓண நாட்களில் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்துப் பல்லசேனையில் இரண்டு தரப்பாகப் பிரிந்து நடத்தும் ஓணத்தல்லு என்ற அடிதடி விளையாட்டு கூட்டம் குறைந்தது, சுவாரசியம் நிறைந்தது.

பெரிய திருவிழா ஞாயிற்றுக்கிழமையில்தான் வரவேண்டும் என்று இல்லை. வேலை நாளில் வந்தால் அதற்கு முந்தைய ஞாயிறு போங்கள். பந்தல் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும், கடைகள் வந்து இறங்கும், ஊர் முழுக்க அந்தப் பேச்சாகவே இருக்கும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த முந்தைய ஞாயிறுதான்.

எந்த வழியாக நுழைவது

கோவையிலிருந்து பாலக்காட்டு நகரமும் கல்பாத்தியும் போக வாளையார் வழி. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒன்றரை மணி நேரம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் போகிறவர்கள் வேலந்தாவளம் வழியாக வாருங்கள். லாரிகள் குறைவு, இருபுறமும் பனைமரம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டினால் நேராக எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிடலாம். மீனாட்சிபுரம் வழி வந்தால் முதலமடை, கொல்லங்கோடு, நெம்மாறை.

என் மனசுக்குப் பிடித்தது பொள்ளாச்சி–பாலக்காடு ரயில். அகலப்பாதை வேலைக்காகப் பல வருடம் மூடிக் கிடந்து, 2015-இல்தான் மறுபடி திறந்தார்கள். வண்டிகள் குறைவு. அன்றைய நேரத்தை ரயில்வே ஆப்பில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, புதுநகரம் என்று வரிசையாக நிலையங்கள். தெற்குப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கொல்லங்கோடு வரும்போது நெல்லியாம்பதி மலை சுவர் போல எழுந்து நிற்கும். ஆடி, ஆவணியில் அதன்மேல் வெள்ளைக் கோடுகளாக அருவிகள் தெரியும். முதலமடை நிலையத்தில் ஆலமரங்கள் நடைமேடைக்கே நிழல் போடும்.

பாலக்காட்டில் ரயிலடி இரண்டு. ஜங்ஷன் ஒலவக்கோட்டில் இருக்கிறது, டவுன் ஸ்டேஷன் நகருக்குள். கல்பாத்திக்கு ஒலவக்கோடுதான் பக்கம். பேருந்து நிலையமும் ஒன்றுக்கு மேல் உண்டு. இறங்கும்போதே திரும்பும் பஸ் எந்த ஸ்டாண்டில் நிற்கும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சித்தூர் தாலுகாவில் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். நெம்மாறை தாண்டினால் "சேட்டா", "சேச்சி" என்று தொடங்கி மெதுவாகத் தமிழில் பேசினாலும் புரிந்துகொள்வார்கள்.

வாடகை வண்டியில் வருகிறவர்கள் கேரள பெர்மிட் எடுத்தாயிற்றா என்று டிரைவரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். அப்புறம் கிளம்பும் காலையில் கேரளச் செய்தியை ஒருமுறை பாருங்கள். அங்கே ஹர்த்தால் (கடையடைப்பு) அறிவித்தால் டீக்கடை கூடத் திறக்காமல் போகலாம்.

முதல் பயணம்: கல்பாத்தித் தேர்

புதிதாக வருகிறவர்களுக்கு இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஐப்பசியின் கடைசி மூன்று நாள், ஆங்கிலத் தேதிக்கு நவம்பர் 14, 15, 16 வாக்கில் வரும். "காசியில் பாதி கல்பாத்தி" என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த வசனம். காசிக்குப் போய்த் திரும்பிய ஒரு மூதாட்டி கொண்டுவந்த லிங்கத்தை ஆற்றங்கரையில் வைத்து 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் என்பது தலபுராணம். தஞ்சைப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களின் அக்ரகாரங்கள் அதைச் சுற்றி. விசுவநாதர் கோயிலுக்குத் தெருவிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும். கீழே கோயில், அதற்கும் கீழே ஆறு.

முதல் நாள் விசுவநாதர், பிள்ளையார், முருகன் தேர்கள் வடம் பிடிக்கப்படும். இரண்டாம் நாள் புதுக் கல்பாத்தி மந்தக்கரை கணபதி. மூன்றாம் நாள் பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாளும் சாத்தபுரம் பிள்ளையாரும். மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாத் தேர்களும் தேர்முட்டியில் சந்திக்கும். கூட்டம் அத்தனையும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் காத்திருக்கும்.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, தேர் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றால் முதல் நாள் காலை வாருங்கள். ஏழு, ஏழரைக்குள் தெருவில் இருந்துவிட்டால் வாசலில் போட்ட பெரிய கோலங்கள் மிதிபடாமல் இருக்கும். கோயிலுக்குள் போய் வந்து, வடம் பிடிக்கும்போது நீங்களும் ஒரு கை போடலாம். சங்கமத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கே தேர்முட்டிப் பக்கம் இடம் பிடித்துவிடுங்கள். காரை அக்ரகாரத்தின் அருகே கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். ஒலவக்கோட்டிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள், கடைசிக் கொஞ்ச தூரம் நடந்தே போங்கள்.

தேருக்கு முந்தைய நாட்களில் சங்கீத உற்சவமும் நடக்கும். தேரின் நெரிசல் வேண்டாம், தெருவையும் பாட்டையும் மட்டும் ரசிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த மாலைகள் போதும். திரும்பும்போது அங்குள்ள வீடுகளில் விற்கும் அப்பளம், கொண்டாட்டம் (வற்றல்), ஊறுகாய் வாங்காமல் வராதீர்கள். வீட்டுத் திண்ணைகளில் உட்காரும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜனங்கள் குடியிருக்கும் தெரு அது. கேட்டால் உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுப்பார்கள்.

இரண்டாம் பயணம்: நெம்மாறை–வல்லங்கி வேல

இது பெரியது. மீன மாதம் 20-ஆம் தேதி, ஏப்ரல் 2 அல்லது 3. நெல்லிக்குளங்கரை பகவதிக்கு நெம்மாறை, வல்லங்கி என்ற இரண்டு தேசங்கள் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கும் வேல. "தேசம்" என்றால் இங்கே ஊர்ப்பகுதி. இரண்டு தேசத்துக்கும் தனித்தனி யானைகள், தனித்தனி பஞ்சவாத்தியம், தனித்தனி பந்தல், தனித்தனி வெடிக்கெட்டு (வாணவேடிக்கை). அறுவடை முடிந்து காய்ந்த வயல்தான் மைதானம். சாயங்காலம் நெற்றிப்பட்டம் கட்டிய யானைகள் பந்தலில் வரிசையாக நிற்க, செண்டையும் இலத்தாளமும் மெதுவாகத் தொடங்கி ஏறி ஏறி உச்சிக்குப் போகும். மேளம் தெரியாதவர்களும் கடைசியில் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதன்முதல் என் அத்தை குடும்பத்தை அழைத்துப்போன வருடம் ஒரு பெரிய தவறு செய்தேன். மதியம் மூன்று மணிக்குக் காரில் கிளம்பினோம். கொல்லங்கோட்டைத் தாண்டியதும் வண்டி நகரவில்லை. மேளத்தைத் தூரத்திலிருந்து காதால் கேட்டதுதான் மிச்சம், வீடு வந்து சேர விடியற்காலை மூன்று மணி. அத்தை இன்று வரை அதைச் சொல்வார். அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

காலை பத்துக்குள் நெம்மாறை சேர்ந்துவிடுங்கள். பந்தல்களைச் சுற்றிப் பாருங்கள், யானைகளை அலங்கரிப்பதைத் தள்ளி நின்று பாருங்கள். பதினொன்றரைக்குச் சாப்பிட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு ஹோட்டலில் இடம் கிடைக்காது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழலில் இருங்கள். பாலக்காட்டு ஏப்ரல் வெயில் நாற்பது டிகிரியை எட்டும், வயலில் மரம் கிடையாது. தொப்பி, பருத்தித் துணி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். மூன்றரைக்கு மேளத்துக்கு முன்னால் இடம் பிடியுங்கள். சாயங்கால வெடிக்கெட்டு முடிந்ததும் கிளம்பிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இரவு வெடிக்கெட்டையும் பார்ப்பது என்றால் அது ஒரு நாள் பயணம் இல்லை, விடிந்து முதல் பஸ்ஸில்தான் திரும்ப முடியும்.

யானை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். வாலைத் தொடுவது, பழம் நீட்டுவது, முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது எதுவும் வேண்டாம். வெயிலும் சத்தமும் அவற்றுக்கும் வேதனைதான். கூட்டத்தில் நுழையும் முன் வெளியே ஓட எந்தப் பக்கம் திறந்த இடம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை வெடிக்கெட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். அந்தச் சத்தம் நெஞ்சில் இடிக்கும்.

நம்மைப் பற்றிய திருவிழாக்கள்

தமிழர்கள் தவறவிடக் கூடாத இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, சித்தூரில் மாசியில் நடக்கும் கொங்கன் படை. கொங்கு நாட்டு அரசன் சித்தூர் மேல் படையெடுத்து வந்தான், பகவதியே களத்தில் இறங்கி அவனை வீழ்த்தினாள் என்பது கதை. படையெடுப்பை அறிவிக்கும் ஓலையை வாசிப்பதிலிருந்து போர் வரை ஊரே நடித்துக் காட்டும். கோவையிலிருந்து வருகிறவர்கள் தோற்ற பக்கத்து ஆட்கள்! ஆனால் இந்த ஊர்ப் பக்கம் நிறையப் பேர் வீட்டில் பேசுவது தமிழ், வாங்குவதும் விற்பதும் கொங்கு நாட்டுச் சந்தைகளில். சண்டையை நினைவில் வைத்துக்கொண்டே உறவாக வாழ்வது எப்படி என்று இந்த ஒரு நாளில் தெரியும்.

இன்னொன்று தோல்பாவைக் கூத்து. பாரதப்புழைக் கரையோர பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடமே உண்டு. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்கு ஏற்றி, தோல் பாவைகளை ஆட்டி, இரவு முழுக்கச் சொல்வது கம்பராமாயணம். தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காகச் சொல்வது என்று நம்பிக்கை. எதிரே ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது, அம்மன் பார்க்கிறாள். கவளப்பாறை ஆரியங்காவு பகவதி கோயிலில் 21 இரவு நடக்கும். ஷொர்ணூர் வரை ரயிலில் போய் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். புலவர்கள் வாயில் கம்பன் பாட்டு மலையாள ராகத்தோடு வரும். முதலில் புரியாதது போல இருக்கும், பத்து நிமிடம் காது கொடுத்தால் சொல் சொல்லாகத் தெளியும். ஒரு கேரளக் கோயிலில் நள்ளிரவில் கம்பனைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. பகலில் ஊர் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. சனி இரவு போய் ஞாயிறு காலை திரும்புங்கள்.

திருவிழா இல்லாத ஞாயிறு: சித்தூர் – கொல்லங்கோடு சுற்று

வருடத்தில் பாதி நாள் எந்த விழாவும் இருக்காது. அந்த ஞாயிறுகளுக்கு என் கணக்கு இது, மழை தணியும் ஆவணி, புரட்டாசியில் மிக நன்றாக இருக்கும்.

ஆறரைக்குக் கிளம்புங்கள். எலப்புள்ளிப் பக்கத்து ராமசேரியில் காலைப் பலகாரம். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்த முதலியார் குடும்பங்களின் கைவேலை இந்த ராமசேரி இட்லி. மண்பானை வாயில் வலைபோல நூல் கட்டி, துணி விரித்து, மாவு ஊற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகில் வேகவைக்கிறார்கள். தோசையின் வட்டமும் இட்லியின் மென்மையுமாக இருக்கும். பொடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தொட்டுக்கொள்ள வேண்டும். இன்று செய்கிற வீடுகள் சிலதான், தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும்.

அங்கிருந்து சித்தூர். ஆற்றின் பெயர் சோகநாசினி, துயரைத் தீர்ப்பவள். ஆனைமலையில் பிறந்து வரும் தண்ணீர் இது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் பங்கும் மூலத்தறை அணைக்கட்டு வழியாக இந்த வயல்களுக்குத்தான் வருகிறது. தெற்கு கிராமத்தில் ஆற்றங்கரையில் இருப்பது துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படுகிறவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். அமைதியாக அரை மணி நேரம் உட்காருங்கள். முன்பு இந்தச் சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது, சுற்றிலும் இருந்ததோ சென்னை மாகாணம்.

பத்தரைக்குள் கோயில் தரிசனத்தை முடித்துவிடுங்கள். கேரளக் கோயில்களில் பெரும்பாலும் பதினொன்று வாக்கில் நடை அடைத்தால் மாலை ஐந்துக்குத்தான் திறப்பார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், வேட்டி கட்டிப் போவது நல்லது. சில கோயில்களில் இந்து அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நண்பர்களோடு போகிறவர்கள் இதை முன்பே கேட்டுக்கொண்டால் வாசலில் மனம் சங்கடப்படாது.

கொல்லங்கோட்டில் காச்சாங்குறிச்சி பெருமாள் கோயில், மலையடிவாரத்து வயல்வெளி, சிங்கன்சிறையில் விழுதுகள் பின்னிப் படர்ந்த ஆலமரங்களுக்கு அடியில் கருப்பசாமி. இந்த ஆலமரத்தடியில் தமிழும் மலையாளமும் கலந்தே பிரார்த்தனை நடக்கும். வரப்புகளில் நடக்கும்போது பயிரை மிதிக்காதீர்கள். போட்டோ எடுக்க வருகிற கூட்டத்தால் விவசாயிகள் நொந்துபோயிருக்கிறார்கள். வரப்பு அவர்களின் வழி, நாம் விருந்தாளிகள். தை, மாசியில் வந்தால் முதலமடைத் தோப்புகளில் மற்ற ஊர்களுக்கு முன்பே மாங்காய் இறங்கும்.

நெல்லியாம்பதியை இதோடு சேர்க்க வேண்டாம். நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டி ஏறும் மலைப்பாதை அது. காலையிலேயே ஏறி மாலைக்குள் இறங்க வேண்டும். தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

குழந்தைகள் கேட்டால்

கோட்டையும் மலம்புழையும். ஹைதர் அலி 1766-இல் கட்டிய பாலக்காட்டுக் கோட்டை நகருக்கு நடுவிலேயே, அகழியோடு நல்ல நிலையில் இருக்கிறது. உள்ளே ஆஞ்சநேயர் கோயில். ஒரு மணி நேரம் போதும். மலம்புழை அணையைக் கட்டியது அன்றைய சென்னை அரசு, 1955-இல் திறந்துவைத்தவர் காமராஜர். தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செதுக்கிய யட்சி இன்றும் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறு மாலை அங்கே கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

திரும்பும்போது

நாலரைக்குத் திரும்பத் தொடங்கினால் நல்லது. ஞாயிறு மாலை வாளையார் சாலை நெரியும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வழி கொஞ்சம் சுற்று என்றாலும் நிம்மதி. பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நேரம் அது. வழியில் டீக்கடையில் நிறுத்தி, அடுத்த மாதம் எந்தக் காவில் (பகவதி கோயிலில்) என்ன விழா என்று கேளுங்கள். நோட்டீஸ் ஒன்று கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரே தேதியைத் தமிழில் சொல்லுவார். குறித்துக்கொண்டு வந்து காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.